மஞ்சள் சட்டைக்கு ஐந்து நட்சத்திரம்

காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஜிஷா ஓர் அமெரிக்க டாக்டரின் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நோயாளிக்கு முழங்கால் வீக்கம் என்று ஆரம்பித்தவர் நடுவில் இருமினார், தண்ணீர் குடித்தார், யாரையோ கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். இருமலையும் கதவையும் விட்டுவிட்டு முழங்காலை மட்டும் இவள் தட்டச்சு செய்ய வேண்டும். எந்தக் கால் என்று அவர் சொல்லப்போன நேரத்தில் குரல் நின்றது. அலமாரியின் மேல் இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

வெளியே இடி முழங்கியது. சாலக்குடியில் துலாம் மாத மழை, அதாவது ஐப்பசி மழை, ஆபீஸ்காரனைப் போல மூன்று மணிக்குச் சரியாக வந்துவிடும்.

அவள் பவுலோஸுக்குப் போன் போட்டாள். அந்தத் தெருவில் இருநூறு வீடுகளுக்குக் கேபிளும் இன்டர்நெட்டும் கொடுப்பவர் அவர்தான். கப்பேளா என்கிற சின்ன மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஆபீஸ், ஒரு ஸ்கூட்டர், ஓர் ஏணி.

"போயிடுச்சா மோளே? இதோ வர்றேன், சாயாவுக்குத் தண்ணி வை."

நாற்பது நிமிடத்தில் வந்தார். நனைந்த காலைச் சாக்கில் துடைத்துவிட்டு, வராந்தாவைத் தாண்டாமல், கையை மட்டும் ஜன்னல் வழியாக நீட்டிப் பெட்டியை வாங்கிப் பார்த்தார். சாயா ஆறுவதற்குள் விளக்கு பச்சையானது. ஊரடங்கின்போது மகள் அம்முவின் ஆன்லைன் வகுப்புக்காக, வேறு யாரும் தெருவில் இறங்காத நாளில், அந்த ஒயரைப் பாக்குமரத்தில் கட்டி வீட்டுக்குள் இழுத்துக் கொடுத்ததும் இதே ஆள்தான்.

ஆனால் ஜிஷாவின் கம்பெனிக்குப் பவுலோஸையும் தெரியாது, பாக்குமரத்தையும் தெரியாது. மாதத்தில் மூன்று முறை லைன் அறுந்தால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு நடந்தது இரண்டாவது.

மஞ்சள் சட்டை போட்ட பெண் வந்தது அந்த வாரம்தான். கையில் வழவழப்பான அட்டை. தெருவில் ஏற்கெனவே அந்தக் கம்பெனிக்கு மஞ்சக்கம்பெனி என்று பெயர் விழுந்திருந்தது. ஸ்பீடு மூன்று மடங்கு, மாதக் கட்டணமும் குறைவு. ஒரே தெருவில் மூன்று வீடு சேர்ந்தால் மாட்டுகிற செலவு கிடையாது, மூன்று மாதம் இலவசம்.

ஜிஷா அம்முவின் ரஃப் நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினாள். மஞ்சள் பக்கம் நிறைந்துவிட்டது. பவுலோஸ் பக்கத்தில் இவ்வளவுதான் இருந்தது: 'இடி இடித்தால் போகும். ஆனால் வருவார்.'

அவள் கணவன் சுதீர் பஸ் டிரைவர். யூனிபார்மைக் கழற்றிக்கொண்டே நோட்டை எட்டிப் பார்த்தான்.

"பவுலோசேட்டன்கிட்ட என்னடி சொல்லுவ?"

"நீங்க சொல்லிடுங்களேன்."

"நானா? தினமும் காலையில அவரு கடை வாசல்லதான் வண்டிய நிறுத்துறேன். என்னால அவர் மூஞ்சியில முழிக்க முடியாது. உன் வேலை, நீ சொல்லு."

அவள் சொல்லவில்லை. மூன்று வீடு வேண்டுமே என்று மெர்சி டீச்சர் வீட்டுக்கும், ரிட்டயரான தபால்காரர் குஞ்ஞப்பன் வீட்டுக்கும் அவளே நடந்துபோய்ப் பேசினாள். "பவுலோஸ் பாவமில்லையா?" என்று மெர்சி டீச்சர் கேட்டதற்கு, "அவருக்கு இருநூறு வீடு இருக்கு டீச்சர், நாம மூணு பேரு போனா என்ன ஆயிடும்?" என்றாள். தான் மட்டும் போயிருந்தால் அவளுக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. கூட இரண்டு வீட்டையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதுதான் பிற்பாடு அவளைத் தூங்கவிடவில்லை.

புதுப்பெட்டி சுவரில் ஏறியது. பவுலோஸின் பெட்டியைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

மூன்றாம் நாள் கேட்டில் ஸ்கூட்டர் சத்தம். பவுலோஸின் கையில் பிரிக்காத ஒரு பெட்டி.

"உங்க வீட்டு பாக்ஸ் ரெண்டு நாளா செத்துக் கிடக்குன்னு எங்க கம்ப்யூட்டர்ல காட்டுது. இடியில போயிருக்கும். சொல்லியிருக்கக் கூடாதா மோளே? உன் வேலை என்னத்துக்கு ஆகறது? இந்தா, புதுசு. காசெல்லாம் வேண்டாம், இது ஸ்பேர் வச்சிருந்தது."

ஜிஷா கதவை மறைத்து நின்றாள். மறைக்க முடியவில்லை. அவள் தோளுக்கு மேலே மஞ்சள் பெட்டி பச்சை விளக்கோடு தெரிந்தது. பவுலோஸ் அதைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"கம்பெனியில இதுதான் கட்டாயம்னு சொல்லிட்டாங்க, சேட்டா" என்றாள். அப்படி யாரும் சொல்லவில்லை. வாய் பொய் சொல்லி முடிப்பதற்குள் காது மடல் சுட்டது.

"அதுக்கென்ன. வேலைதானே முக்கியம்" என்றார் அவர்.

"பழைய பாக்ஸை எடுத்துட்டு வரேன். ஒயரையும் அவுத்துடுங்க, உங்களுக்கு ஆகும்."

"ஒயர் கிடக்கட்டும். மரம் ஏறி அவுக்கற கூலிக்குக்கூட அது ஆகாது. என்னைக்காவது உனக்கு வேணும்னா மாட்டிக்கலாம்."

சாயா போடுகிறேன் என்றதற்கு, வயிறு சரியில்லை என்றார். பத்து வருடத்தில் அவருக்கு வயிறு சரியில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

மூன்று வீடு முப்பதாயிற்று, முப்பது நூறாயிற்று. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்துக்குள் கப்பேளா பக்கத்து ஆபீஸில் செல்போன் கடை வந்தது. ஜிஷா கடைத்தெருவுக்குச் சுற்றுவழியில் போகப் பழகிக்கொண்டாள்.

மழைக்காலம் பிறந்ததும் ஒருநாள் காலை ஸ்பீடு குறைந்துபோக, மஞ்சக்கம்பெனியின் ஆப்பில் புகார் கொடுத்தாள். மத்தியானம் கேட்டில் அதே ஸ்கூட்டர், அதே ஏணி. பவுலோஸ் மஞ்சள் சட்டை போட்டிருந்தார். சட்டை ஒரு சுற்றுப் பெரியது, கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. இந்த ஐம்பத்து மூன்று வயதில் அந்த அட்டைதான் அவருக்குச் சோறு என்று பார்த்ததுமே புரிந்தது.

"வணக்கம் மேடம். உங்க சர்வீஸ் ரிக்வெஸ்டுக்காக வந்திருக்கேன்" என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்.

"என்ன சேட்டா, மேடம்னு?"

அவர் பையிலிருந்த போனைக் கண்ணால் காட்டி, உதட்டை மட்டும் அசைத்தார். "பேசறதெல்லாம் பதிவாகுது மோளே."

பிறகு வீட்டுக்குள் நுழைந்தார். பெட்டியோடு சேர்ந்து படம் எடுக்க வேண்டுமாம், வராந்தாவில் நின்றால் ஆகாதாம். நனைந்த காலோடு உள்ளே வந்தவர் தரையைப் பார்த்து, "மன்னிக்கணும் மேடம்" என்றார். ஒரு வேலைக்கு இருபத்தைந்து நிமிடம். போனில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போட்ட சாயா அடுப்பிலேயே இருந்தது. போகும்போது ஓ.டி.பி. கேட்டு வாங்கிக்கொண்டு, "ஐந்து நட்சத்திரம் கொடுத்தா நல்லாயிருக்கும் மேடம்" என்றார். தலையைத் தூக்காமல்தான் கேட்டார். அவள் ஐந்தையும் அமுக்கினாள். அவமானமாக இருந்தது. யாருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாத அவமானம்.

ஆடிக் காற்று வீசும் கர்க்கடக மாதத்து ஞாயிறு ஒன்றில் காற்றடித்துத் தென்னை மட்டை விழுந்து மஞ்சக்கம்பெனியின் ஒயர் மூன்று இடத்தில் அறுந்தது. பத்து மணிக்கு ஷிப்ட். அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு முறை அறுந்திருந்தது. இலவச எண்ணைக் கூப்பிட்டால், மலையாளத்துக்கு ஒன்றை அமுக்கச் சொன்னது, அப்புறம் இரண்டை, அப்புறம் நான்கை. கடைசியில், புகார் பதிவாகிவிட்டது, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சரிசெய்யப்படும் என்று இனிமையாகச் சொல்லி வைத்துவிட்டது.

ஒன்பதே கால். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். பிறகு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பவுலோஸின் சொந்த நம்பரை அழுத்தினாள்.

"போயிடுச்சா மோளே?" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல. "சர்ச்ல குர்பானை முடிஞ்சுது. வர்றேன்."

வெள்ளை வேட்டி, சர்ச்சுக்குப் போட்ட சட்டை. மட்டைக்கடியில் நசுங்கிக் கிடந்த ஒயரைத் தூக்கிப் பார்த்தார்.

"இது உதவாது. புது ஒயர் வேணும்னா ஸ்டோர் நாளைக்குத்தான் திறக்கும்."

ஜிஷா மணியைப் பார்த்தாள். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. பவுலோஸ் அண்ணாந்து பாக்குமரத்தைப் பார்த்தார். அவருடைய பழைய கறுப்பு ஒயர் தெருவோரக் கரண்ட் போஸ்ட்டிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து வீட்டுக்கும் அப்படியே கிடந்தது. மட்டை அதைத் தொடவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேனில்ல" என்று சிரித்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போஸ்ட்டில் ஏணியைச் சாய்த்தார். தன் பழைய ஒட்டுமெஷினைக் குடைக்கடியில் வைத்து, முடி போன்ற அந்தக் கண்ணாடி நூலைப் போஸ்ட்டில் மஞ்சக்கம்பெனி லைனோடு ஒரு முனையும் வீட்டுப் பக்கம் மஞ்சள் பெட்டிக்குப் போகிற ஒயரோடு ஒரு முனையும் ஒட்டினார். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு விளக்கு பச்சையானது. காசு நீட்டியதைத் தள்ளிவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்து சாயா குடித்தார். "இப்பதான் மோளே சாயா சாயா மாதிரி இருக்கு" என்றார். ஜிஷாவுக்கு நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது.

"புகாரை ரத்து பண்ணிடு. இல்லைன்னா நாளைக்கு வேற ஆளு வந்து அலைவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ரத்து செய்தபோது, ஏன் என்று ஆப் கேட்டது. கீழே எழுதுவதற்குப் பெரிய கட்டம்.

சுதீர் தோளுக்குப் பின்னால் நின்றான். "நல்லா நாலு வார்த்தை எழுதுடி. போன ஓணத்துக்கு ஒரு டீச்சர் எங்க முதலாளிக்கு லெட்டர் எழுதினாங்க, வயசானவங்க ஏறி உட்கார்ற வரைக்கும் நான் வண்டிய எடுக்கறதில்லைன்னு. முதலாளி என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் வேட்டி குடுத்தாரு. பவுலோசேட்டனுக்கும் ஏதாவது செய்வாங்க."

பட்ட கடனை இப்படியாவது தீர்க்கலாம் என்று ஜிஷாவுக்குப் பட்டது. உட்கார்ந்து எழுதினாள். எதையும் விடாமல் எழுதுவதுதான் அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள். கம்பெனி அனுப்பாமலே, என்னுடைய ஒரு போனுக்கு வந்தார். ஒன்பது இருபத்தைந்துக்கு ஏணி வைத்தார். கம்பெனி ஒயர் கையில் இல்லாததால் தன்னுடைய சொந்த ஒயரையும் சொந்த மெஷினையும் போட்டார். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு முடித்தார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. இப்படிப்பட்ட மனிதர் கிடைக்க உங்கள் கம்பெனி கொடுத்துவைத்திருக்க வேண்டும். பெயர், அடையாள எண். ஐந்து நட்சத்திரம். ஒரு பிழையில்லை. அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் வேறொரு மஞ்சள் சட்டை வந்தது. அங்கமாலிக்காரன், பெயர் நிதின். போஸ்ட்டையும் பாக்குமரத்தையும் படம் எடுத்தான்.

"பவுலோசேட்டன் வரலையா?" என்று ஜிஷா கேட்டாள்.

"அவர் ஐடியை பிளாக் பண்ணிட்டாங்க மேடம். போன வாரமே."

"எதுக்கு?"

"தன் பேருக்குப் புகார் நம்பர் வராம போஸ்ட்ல ஏறியிருக்கார். வெளி ஒயர் போட்டிருக்கார். லீவு நாள்ல தனியா வேலை பார்த்திருக்கார். ஒண்ணொண்ணும் தனித்தனிக் குத்தம்." அவன் போனைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னான். "இதெல்லாம் பொதுவா கண்டுபிடிக்கவே முடியாது மேடம். நீங்க டைம் முதற்கொண்டு போட்டு எழுதியிருந்தீங்க. ரொம்பத் தெளிவா இருந்துச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."



"நான் நல்லதுதானே எழுதினேன்? ஐந்து நட்சத்திரம் குடுத்தேனே?"

"அது தனியா இருக்கு மேடம். அதை யாரும் அழிக்கல."

அவன் ஒயரின் முனையில் ஒரு சின்ன மீட்டரை மாட்டி எண்ணைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். சூப்பர்வைசரிடம் போனில் இரண்டு வார்த்தை பேசினான்.

"இந்த ஒயரை மாத்திடுவீங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? நம்ம ஒயரைவிட சிக்னல் நல்லா இருக்கு. கிடக்கட்டும்னு சொல்லிட்டாங்க." பையிலிருந்து கம்பெனிப் பெயர் அச்சடித்த மஞ்சள் பட்டை ஒன்றை எடுத்து, பாக்குமரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு ஒயரில் இறுக்கிக் கட்டினான். அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனான்.

ஜிஷா போன் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"போயிடுச்சா மோளே?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"லைன்தானே? இப்ப ஐடிதான் இல்ல, ஏணி இருக்கு. வரட்டுமா?"

"இல்ல சேட்டா" என்றாள். "நல்லா இருக்கு."

"அப்ப சரி. வேலையைப் பாரு."

மணி பத்து. ஹெட்செட்டை மாட்டினாள். அமெரிக்க டாக்டர் இருமினார், தண்ணீர் குடித்தார், இடது கால் என்று தெளிவாகச் சொன்னார். வெளியே நல்ல காற்று. ஜன்னலுக்கு வெளியே கறுப்பு ஒயரில் மஞ்சள் பட்டை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. டாக்டரின் குரல் ஓரிடத்தில்கூட அறுபடவில்லை.