கொட்டேஷன்காரரின் தோட்டம்

கொட்டேஷன்காரர் என்றால் அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் தெரியாதவர் கிடையாது. முப்பத்தோரு வருஷம் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவர். குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடைகளின் விலைக் கொட்டேஷன் வேண்டும், மூன்றையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் வேண்டும். ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த பிறகும் மனுஷர் திருந்தவில்லை. அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு எப்படிக் கல்யாணத்துக்குச் சம்மதித்தார் என்பது அவர் மனைவிக்கே இன்றுவரை விளங்காத விஷயம்.

அந்த மனைவிதான் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் கட்டு. கட்டிலுக்கு நேரே ஜன்னல், அதற்கு வெளியே வெறும் மண், அதைத் தாண்டினால் பக்கத்து வீட்டுச் சுவர்.

"என்னங்க, அந்தச் சுவரையே பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போலருக்கு. ஜன்னலுக்கு நேரா நாலு பூச்செடி வச்சுக் குடுங்க, போதும்" என்றாள்.

அவருக்கு மனசு இளகிவிட்டது. மறுநாளே அவர் சொல்லியனுப்ப, தோட்டக்காரர் ஒருவர் பத்துச் செடிகளைப் பையோடு கொண்டுவந்து வாசலில் இறக்கினார். எல்லாம் மொட்டு விட்ட செடிகள்.

"குழி எங்க சார் வெட்டணும்?"

"பிளான் இல்லாம எப்படிப்பா வெட்டுறது?" என்றார் கொட்டேஷன்காரர். வந்தது வினை.

தோட்டம் வடிவமைக்கவே சாஃப்ட்வேர் இருக்கிறதாமே! மூன்றை லேப்டாப்பில் இறக்கினார். மனைவியின் கால் இடிபடக் கூடாதென்று அவர் படுக்கையே ஹாலுக்கு மாறியிருந்ததால் வேலைக்கும் வசதியாகப் போயிற்று. மூன்றையும் ஒப்பிட முப்பத்தேழு கேள்விகளோடு பட்டியல் தயாரானது. முதல் சாஃப்ட்வேரில் ஐந்து வகை நீரூற்று இருந்தது, தண்ணீர்க் குழாய் இல்லை. இரண்டாவது, இருபது வருஷ வளர்ச்சியைக் கண்மூடித் திறப்பதற்குள் காட்டியது. திரையில் வைத்த மரம் மொட்டைமாடியைப் பிளந்துகொண்டு மேலே போனது. மூன்றாவது, மணிக்கு மணி நிழல் எங்கே விழும் என்று சொல்லும், ஆனால் அளவு துல்லியமாக வேண்டும் என்று அடம் பிடித்தது. அதற்காக அளவு நாடாவை இழுத்துக்கொண்டு நாலு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

தோட்டக்காரர் வாரம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்.

"சார், வேர் பையைக் கிழிச்சிட்டு வெளிய வந்துடுச்சு."

"நிழல் மட்டும்தான்ப்பா பாக்கி. அடுத்த வாரம் வா."

வாசல் செடிகளுக்கு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தோட்டக்காரர் முணுமுணுத்தபடி போய்விடுவார்.

கடைசியில் மூன்றாவது தேர்வானது. கொட்டேஷன்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெருமை பொங்க மனைவியிடம் போனார். கேட்டிலிருந்து காட்டினார், மாடியிலிருந்து காட்டினார், ஆகாயத்திலிருந்தும் காட்டினார்.

"நல்லாருக்கு. இந்தக் கட்டில்லருந்து பாத்தா எப்படித் தெரியும்?" என்றாள்.

"அதுக்கென்ன, இதோ."

படத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் திரை முழுக்கச் சாம்பல் நிறமானது. தோட்டத்தை அங்குலம் அங்குலமாக வரைந்தவர், வீட்டை மட்டும் நாலு பக்கமும் அடைத்த பெட்டியாக வைத்திருந்தார். முப்பத்தேழு கேள்விகளில் ஜன்னலைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

ஜன்னல் எந்த இடத்தில் வரும் என்று பார்க்க அவள் தலையணையில் தலை வைத்தார். எதிரே சுவர். ஒரு விரிசல், ஒரு குழாய், ஈரம் படிந்த கறை. அவ்வளவுதான்.

"இதையா இத்தனை நாளும் பாத்துட்டுக் கெடந்தே?"

"வேற என்னத்தப் பாக்க?"

"நாளைக்கே செடி வச்சிடுறேன்."

"நாளைக்கு எனக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க" என்றாள். கோபமே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலையே என்று இருந்தது அவருக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாசலுக்குப் போனார். பத்தில் இரண்டுதான் உயிரோடு இருந்தன. தோட்டக்காரரைக் கூப்பிட வாய் வரவில்லை. பக்கத்து வீட்டில் மண்வெட்டி இரவல் வாங்கி, பிளானும் இல்லாமல் அளவும் இல்லாமல் ஜன்னலுக்கு நேரே வெட்ட ஆரம்பித்தார். ஒரு குழிக்கே மூச்சு வாங்கிற்று, கை கொப்பளித்தது. இரண்டையும் நட்டுத் தண்ணீர் ஊற்றி நிமிர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

முழங்கை வரை சேறோடு உள்ளே வந்து நின்றார்.

"தெரியுதா?"

"செடி எங்கங்க தெரிஞ்சுது? சாயங்காலம் பூரா உங்க முதுகுதான் தெரிஞ்சுது" என்றாள் மனைவி. "அந்தச் சுவருக்கு அது எவ்வளவோ தேவல."