பதினைந்து வீடுகள் வரைந்த அட்டை

வெர்லீன் ஸ்டோக்ஸ் அந்தத் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தது தற்செயல் இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் இருக்கும் பச்சைக் கதவு வீட்டுக்கு வெள்ளிக்கிழமை அவளும் புருஷன் ஹோசியாவும் கையெழுத்துப் போடப் போகிறார்கள். சனிக்கிழமை காலை சாமான் லாரி வந்துவிடும். டெட்ராய்ட் நகரத்தின் எல்லையான எயிட் மைல் சாலைக்கு வடக்கே, வெள்ளைக்காரர்கள் மட்டும் இருக்கும் பக்கத்தில், 1976-இல் ஒரு கறுப்புக் குடும்பம் வீடு வாங்குவது என்ன விளையாட்டா? எட்டு வயது மகள் டெனீஸ் அந்த வாசலில்தான் சைக்கிள் ஓட்டப்போகிறாள்.

"அக்கம்பக்கம் எப்படின்னு பாத்துட்டு வா. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், விட்டுடலாம்" என்று ஹோசியா காலையில் சொல்லி அனுப்பியிருந்தான்.

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு அது. நகரம் ஏன் இப்படிக் கறுப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கிறது என்பதை எண்களில் சொல்லப்போகிறார்களாம். அதற்கு நிறம் பார்த்து ஆள் அனுப்பினார்கள். வெள்ளை வீட்டுக்கு வெள்ளைக்காரர், கறுப்பு வீட்டுக்குக் கறுப்பர். அப்போதுதான் மனசில் இருப்பது வாயில் வருமாம். வெர்லீனின் வெளிறிய தோலையும் சாம்பல் கண்ணையும் பார்த்த மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை கேட்காமல் 'வெள்ளை' என்று குறித்துக்கொண்டார். கறுப்பர் யாராவது அங்கே இருந்திருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பார். வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் கண் கிடையாது. பட்டியலில் இந்தத் தெருவின் பெயரைப் பார்த்ததும் வெர்லீனும் வாயை மூடிக்கொண்டாள். தப்புதான். இருக்கட்டுமே, அங்கே குடிபோகப்போகிறவள் அவள்தானே!

பச்சைக் கதவு வீட்டை ஒட்டிய வீடு பெர்னடின் வோய்டாஸ் அம்மாளுடையது. போலந்துக்காரர் குடும்பம். ஐம்பது வயது, மாவு படிந்த ஏப்ரன், வாய் நிறையச் சிரிப்பு. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் என்பதால் அடுப்படியில் பாஞ்ச்கி என்ற போலந்து இனிப்பைப் பொரித்து அடுக்கியிருந்தாள், உள்ளே பிளம் ஜாம் வைத்து.

"உக்காரு கண்ணு. நாளையிலேருந்து நோன்பு, இன்னிக்கே தின்னு தீர்த்துடணும்" என்று ஒன்றைத் தட்டில் வைத்தாள்.

"நீங்க சொல்றது எதையும் உங்க பேரோட யார்கிட்டயும் சொல்ல மாட்டோம் மேடம்" என்று வழக்கமான உறுதிமொழியைச் சொல்லிவிட்டு வெர்லீன் முதல் அட்டையை மேசைமேல் வைத்தாள். அதில் வரிசைக்கு ஐந்தாகப் பதினைந்து வீடுகள். நடுவில் 'உங்கள் வீடு'. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கறுப்பு மை பூசியிருந்தது.

"உங்க தெருவுல இப்படி ஒரு கறுப்புக் குடும்பம் வந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?"

"எனக்கா? கொஞ்சமும் சங்கடமில்ல. எழுதிக்கோ. அவங்களும் மனுஷங்கதானே."

வெர்லீனுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பென்சிலால் குறித்தாள். மூன்று கறுப்பு வீடுகள் உள்ள அட்டைக்கும் அதே பதில்தான். பக்கத்து வீட்டில் இப்படி ஒரு மனுஷி இருந்தால் போதுமே! ஹோசியாவிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. பாஞ்ச்கியை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்ன கேள்வி அது. என்ன பதில் வந்தாலும் முகம் மாறக்கூடாது, தலையாட்டக்கூடாது. வேற ஏதாவது என்று மட்டும் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும்.

பெர்னடின் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீ நம்ம பொண்ணு, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. அட்டை வேற, வீடு வேற. மூலையில அந்தப் பச்சைக் கதவு இருக்கு பாரு, வித்துப்போச்சு. வாங்கினவன் கறுப்பன். இருட்டுற நேரத்துல வந்து பாத்துட்டுப் போனான். பொண்டாட்டி கார்லயே உக்காந்திருந்தா, முகம் தெரியல."

வெர்லீனின் பென்சில் நிற்கவில்லை. "வேற ஏதாவது?"

"நாங்க ஒண்ணும் ரவுடிங்க இல்ல. சனிக்கிழம அவங்க லாரி வர்றப்போ எல்லா வீட்டுப் புல்தரையிலயும் 'விற்பனைக்கு'ன்னு போர்டு நிக்கும், அவ்வளவுதான். இருபத்தொரு வீடு. பாத்ததுமே மிரண்டு ஓடிடுவாங்க."

"வேற ஏதாவது?"

"ஓடலேன்னா என்ன பண்றதுன்னு என் வீட்டுக்காரர் ரே கேட்டார். அதான் அவரும் எதிர் வீட்டு ஸ்டானும் வெள்ளிக்கிழம சாயந்தரமே அந்த வீட்டு அடித்தள ஜன்னல் வழியா தோட்டத்து ரப்பர் குழாயை விட்டுடப் போறாங்க. கணப்பு, கொதிகலன் எல்லாம் தண்ணியில மூழ்கிடும். வெறும் தண்ணி கண்ணு. யாருக்கும் அடிபடாது."

"யாரோட குழாய்?"

அது பயிற்சியில் இல்லாத கேள்வி. பெர்னடின் கவனிக்கவில்லை. "எங்களதுதான். தெருவுலயே நீளமானது, கராஜ்ல கிடக்கு."

வெர்லீன் அதையும் எழுதினாள். எழுந்து இந்தத் தட்டை அவள் மூஞ்சியில் வீசிவிட்டுப் போய்விடலாமா என்று நெஞ்சு கொதித்தது. போனால்? ஹோசியாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எயிட் மைலுக்குத் தெற்கே அதே எலி ஓடும் மாடி வீட்டில் கிடக்கவேண்டியதுதான். போலீசுக்குச் சொல்வோம் என்றால், சொல்லமாட்டேன் என்று அரை மணி முன்னால் இதே மேசையில் வாக்குக் கொடுத்தவள் அவள்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். கேள்வி கேட்டவரின் இனம் என்று ஒரு கட்டம் உண்டு. வீட்டுக்குப் போய் நிரப்புவதுதான் வழக்கம். இங்கேயே 'கறுப்பர்' என்று எழுதி, தாளைப் பெர்னடின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

பெர்னடின் படித்தாள். சிரித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

"கார்ல உக்காந்திருந்தது நான்தான்" என்றாள் வெர்லீன். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா மேடம், பேரு டெனீஸ். கொதிகலன் இல்லாம மார்ச் மாசக் குளிர்ல அவளை எங்க படுக்கவைப்பேன்?"

"அட கடவுளே! நீ… நீங்க என்னை ஏமாத்திட்டீங்களே."

"ஆமா, ஏமாத்தினேன். நீங்க இந்த அட்டையை ஏமாத்தினீங்க." வெர்லீன் அட்டைகளை ஒன்றாக அடுக்கினாள். "பயப்படாதீங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், வாக்குன்னா வாக்குதான். ஆனா எனக்கே தெரிஞ்சுபோச்சே, நான் என்ன பண்ண?"

பெர்னடினின் மாவு படிந்த விரல் தாளைத் தொட்டது. "அழிச்சிடுங்க."

"பதிலை மாத்த உங்களுக்கு உரிமை இருக்கு. எதை அழிக்கணும்? கொஞ்சமும் சங்கடமில்லன்னு சொன்னதையா, குழாயையா?"

வெளியே கார் வந்து நின்ற சத்தம். கதவை அடித்துச் சாத்தும் ஓசை. பெர்னடினின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ரே உள்ளே வந்தான், தொழிற்சாலைச் சட்டையோடு, ஆறடி ஆள். வெர்லீன் தாளை மடித்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு இது?"

பெர்னடின் வெர்லீனைப் பார்த்தாள்.

"பல்கலைக்கழகத்துலேருந்து வந்திருக்காங்க. முடிஞ்சுபோச்சு, கிளம்பறாங்க" என்றாள். வெர்லீன் எதையும் அழிக்காமல் தாளோடு வெளியேறினாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஹோசியாவிடம் கொட்டினாள். வாக்கு அன்றைக்கே போயிற்று; புருஷனிடம் மறைக்கிற அளவுக்கு அவள் கல் இல்லை. ஹோசியா முழுக்கக் கேட்டான். "நீ என்ன சொல்ற?" என்றான் கடைசியில்.

"கையெழுத்துப் போடுவோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை போட்டார்கள். சனிக்கிழமை காலை லாரிக்கு முன்னால் ஹோசியாவின் கார் தெருவுக்குள் நுழைந்தது. சொன்னபடியே புல்தரைக்குப் புல்தரை போர்டு நின்றது. டெனீஸ் ஒன்று விடாமல் எண்ணினாள். இருபத்தொன்று. பெர்னடின் வீட்டு வாசலிலும் ஒன்று, நன்றாக ஆழமாகவே அடித்து நட்டிருந்தது. ஒரு ஜன்னலிலும் முகம் தெரியவில்லை.

ஹோசியா நேராக அடித்தளத்துக்கு இறங்கினான். வெர்லீன் மேலேயே நின்றாள். "காஞ்சு கிடக்கு வெர்லீன்! சொட்டுத் தண்ணி இல்ல!" என்று அவன் கத்தினதும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

பின்கதவைத் திறந்தது டெனீஸ்தான். "அம்மா, யாரோ இதை வெச்சுட்டுப் போயிருக்காங்க."

படிக்கட்டில் ஒரு தோட்டத்து ரப்பர் குழாய் சுருட்டி வைத்திருந்தது. ரொம்ப நீளமானது. தண்ணீர் திறக்கும் குழாயோடு பொருத்துகிற பித்தளை முனையை யாரோ கத்தியால் வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டிய இடத்தில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

"யாரும்மா வெச்சது?"

வெர்லீன் வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற போர்டைப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டு அம்மா" என்றாள். "வீட்டை விக்கப்போறாங்களாம்."