எம்.பி.க்குப் பின்னால் ஒரு நாற்காலி

1.

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. டிவியில் பார்த்தது. வாஷிங்டனில் ஒரு எம்.பி., நாடு முழுக்கக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி, கஞ்சா வழக்கில் உள்ளே இருப்பவர்களையும் வெளியே விடும் மசோதாவைப் பற்றி மைக் முன்னால் முழங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால், மஞ்சள் உடையில், சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தவர் என் பக்கத்து வீட்டு மிஸ் வெர்னா. அன்று காலையில்தான் அவரைப் பால்டிமோர் ரயிலடியில் இறக்கிவிட்டு வந்திருந்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் கேட்டேன். சொன்னார். கேட்டு முடிப்பதற்குள் மனசுக்குள் நான் எழுதத் தொடங்கிவிட்டேன். எழவு வீட்டில் பந்தி தேடுகிறவனுக்கும் எழுதுகிறவனுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

2.

முதல் தொடக்கம்: "பால்டிமோரின் அந்தத் தெருமுனையில் பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு" — வேண்டாம். பனியில் தொடங்குகிற கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது தொடக்கம்: "இருபத்து நான்கு வயது கீனன், வெர்னாவின் ஒரே மகன், பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு வேன் நிறையக் கஞ்சாவை ஓட்டி வந்தபோது பிடிபட்டான். கூட வந்தவனின் இருக்கைக்கு அடியில் துப்பாக்கி இருந்தது. மத்திய அரசு போட்ட வழக்கு, இருபது வருடச் சிறை."

இது தேறும் என்று நினைத்து அவரிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

"இருபத்து நாலா? அவனுக்கு முப்பத்தேழு ஆவுது தம்பி. முன் மண்டைல முடியே இல்ல."

"எம்.பி. இருபத்து நாலுன்னுதானே பேசினாரு?"

"மொதல்ல எழுதின பேச்சு அது. அப்ப அவனுக்கு அந்த வயசு. அதையேதான் இன்னும் படிக்கிறாங்க."

விஷயம் இதுதான். இங்கே இரண்டு வருடத்துக்கொருமுறை நாடாளுமன்றம் புதிதாகக் கூடும்போது, அதுவரை நிறைவேறாத மசோதாக்கள் எல்லாம் செத்துப்போகும். மறுபடி புது எண் போட்டு, பழைய தாளையே தாக்கல் செய்வார்கள். பேச்சையும் அப்படியே எடுத்து ஒட்டுவார்கள். எண்ணை மாற்ற ஆள் உண்டு. பையனின் வயதை மாற்ற ஆள் இல்லை.*

* அந்தப் பேச்சிலிருந்துதான் நானும் எடுத்திருந்தேன். சரிபார்க்கவில்லை.

3.

[கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

'இது நிறைவேறுமா?' என்று நீங்கள் கேட்பீர்கள். கருத்துக்கணிப்பு எடுத்தால் மக்களில் பெரும்பாலோர் சரி என்கிறார்கள். எங்கள் மாநிலத்தில் எப்போதோ கஞ்சாக் கடையே திறந்துவிட்டார்கள். கீனன் நண்பர்களோடு நின்ற தெருமுனையிலேயே ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் கதவு, மெல்லிய இசை, செவ்வாய்க்கிழமைகளில் மூத்த குடிமக்களுக்குத் தள்ளுபடி. மிஸ் வெர்னாவுக்கும் ஒரு தள்ளுபடிச் சீட்டு வந்தது. முழங்கால் வலிக்கு நல்லதாம்.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. மாநிலம் அனுமதித்ததை மத்தியச் சட்டம் இன்னும் குற்றம் என்கிறது. கீழவையில் கை தூக்குவார்கள், மேலவையில் தூங்குவார்கள். தேர்தலுக்கு முன்னால் இரண்டு கட்சிக்கும் இதன்மேல் பாசம் பொங்கும், முடிந்ததும் மறதி வந்துவிடும். விடாமல் கதவைத் தட்டுகிறவர்கள் கடை முதலாளிகள் மட்டும்தான். அவர்களுக்கு, மத்தியச் சட்டத்துக்குப் பயந்து வங்கிகள் தராத கணக்கு வேண்டும், வரி குறைய வேண்டும். உள்ளே கிடப்பவர்களுக்காகவும் அவர்கள் கண்ணீர் விடுவதுண்டு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியாததா?

எனக்கு இதில் கோபம் வருகிறது. கதாசிரியன் கோபப்படக் கூடாதாம். சொன்னவனின் பிள்ளை உள்ளே இல்லை.

4.

போன வாரம் எம்.பி. அலுவலகத்திலிருந்து ஹேடன் கூப்பிட்டான். யார் எங்கே உட்கார வேண்டும் என்று பார்ப்பது அவன் வேலை. மிஸ் வெர்னா மீன் வறுத்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார். நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன்.

"மேடம், நல்ல சேதி! இந்தத் தடவை எதிர்க்கட்சியிலயும் ஆளுங்க சேந்துட்டாங்க. நெஜமாவே நிறைவேறிடும்போல."

"கீனன் வந்துடுவானா கண்ணு?"

"அது... அவங்க சம்மதிக்கணும்னா ஒரு பிரிவ எடுக்க வேண்டியதாப்போச்சு."

"எந்தப் பிரிவு?"

"உள்ள இருக்கிறவங்கள வெளிய விடுற பிரிவு, மேடம்."

அவர் அடுப்பை அணைத்தார்.

"அத ஒண்ணத்தானே உங்ககிட்ட கேட்டேன்? கஞ்சா வேணும்னா கேட்டேன்?"

"இது மொதல் படி மேடம். அடுத்த தடவை..."

"மொதல் படில என் புள்ள இல்ல. அப்ப நான் எதுக்கு?"

"நீங்க இல்லாம எப்படி? வியாழக்கிழமை உங்க நாற்காலி அதே எடத்துல இருக்கும். அந்த மஞ்சள் டிரஸ்ஸே போட்டுட்டு வாங்க, கேமரால நல்லா விழுது."

"என் தங்கச்சி கல்யாணத்துக்குத் தெச்ச டிரஸ் அது. உங்க கூட்டத்துக்கு வந்தே நைஞ்சுபோச்சு. நீயே போட்டுட்டு உக்காரு, உனக்கு எடுப்பா இருக்கும்."

"எனக்கும் இது பிடிக்கல மேடம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு ஹேடன் போனை வைத்தான்.

[இந்த இடத்தில் ஹேடனைக் கெட்டவனாக்க ஒரு பத்தி எழுதினேன். பளபளக்கும் காலணி, நக்கல் சிரிப்பு, எல்லாம் வைத்தேன். அவன் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் கெடுத்துவிட்டது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எங்களுக்கெல்லாம் எவ்வளவு சௌகரியம்.]

5.

நேற்று, புதன்கிழமை, மூன்று முடிவுகளோடு மிஸ் வெர்னா வீட்டுக்குப் போனேன்.

ஒன்று, அவர் போகவில்லை. நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

"கெடக்காது தம்பி. வேற ஒரு தாயக் கூட்டியாந்து உக்கார வெப்பாங்க. தாய்க்கா இந்த ஊர்ல பஞ்சம்?"

இரண்டு, அவர் எழுந்து நின்று கேமராவைப் பார்த்துக் கத்துகிறார்.

"சத்தத்தக் கொறச்சுட்டு மூஞ்சிய மட்டும் காட்டுவாங்க. மேல அவரு பேசுவாரு. நீ டிவியே பாத்ததில்லையா?"

மூன்று, போகிறார், உட்காருகிறார், தலையாட்டுகிறார்.

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். மஞ்சள் உடை தேய்த்து, கதவில் மாட்டியிருந்தது.

"போகப்போறீங்களா?" என்றேன். என் குரலில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

"பகைச்சுக்கிட்டா யார்கிட்ட போவேன்? தெறந்து கெடக்கிற கதவு அது ஒண்ணுதான். நீ முடிவு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடுவ. நான் இங்கதான் இருக்கணும்."

"கீனன் என்ன சொல்றாரு?"

"அவன்கிட்ட இன்னும் சொல்லல."

6.

இந்தப் பகுதியை நான் திட்டமிடவில்லை. அப்போது போன் அடித்தது. சிறையிலிருந்து அழைப்பு என்று பதிவுக் குரல் சொன்னது. அவர் எடுத்து, "சாமி" என்றார். மகன் பேசப் பேச, வாயைப் பொத்திக்கொண்டு போனை என் கையில் திணித்தார். "நீ எழுதுறவன்தானே, நீ சொல்லு." நான் யாரென்று சொன்னேன்.

"அண்ணே, நீங்களா? அம்மா உங்களப் பத்தி எழுதியிருந்தாங்க. இங்க டிவில ஓடிட்டே இருக்குண்ணே, இந்தத் தடவை நிச்சயம்னு. எல்லாரும் முதுகுல தட்டுறாங்க. வெளிய போறவன் தன் சாமான உள்ள இருக்கிறவனுக்கு விட்டுட்டுப் போறதுதான் இங்க மொறை. ரேடியோவ இன்னிக்குப் பக்கத்து பெட்காரன்கிட்ட குடுத்துட்டேன். ஷூவும் குடுத்துட்டேன், வெறும் செருப்புலதான் நிக்கிறேன்." சிரித்தான். "அம்மா அழுவுது. சந்தோஷத்துலதானே? அண்ணே, நிறைவேறிடுச்சுன்னா நான் எத்தன நாள்ல வெளிய வரலாம்?"

நான் வாயைத் திறந்து, "கீனன், அந்த மசோதாவுல" என்று

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. மிஸ் வெர்னா என் முகத்தையே பார்க்கிறார். ஒரு நிமிடம்தான் பாக்கி என்று பதிவுக் குரல் சொல்லிவிட்டது. நிறைவேறுமா என்று கேட்டவர் நீங்கள். இந்தாருங்கள் போன். அவன் வெறும் செருப்போடு நின்றுகொண்டிருக்கிறான், பதில் சொல்லுங்கள்.