கப்டனுக்குச் சிங்களம் மட்டும் தெரியும்

என் மனுசன் ஒஸ்வால்டுக்குக் காது கேட்காது. துறைமுகத்து பொயிலர் பட்டறையில் இருபது வருசம் இரும்போடு மல்லுக்கட்டியதில் இரண்டு காதும் போய்விட்டன. அதனால் அவருக்குப் பெரிய நட்டமில்லை, என் ஏச்சுத்தான் வீண். ஆனால் தொண்ணூற்றாறில் யுத்தத்தால் கொட்டாஞ்சேனையில் சந்திக்குச் சந்தி ஆமியின் செக் பொயின்ற் வந்ததும் என் நிம்மதி போனது. நில் என்று கத்தியும் நிற்காதவனைச் சுடுவார்கள். இவர் எப்படிக் கேட்டு நிற்பது? ஜம்பட்டா வீதி அச்சகத்துக்குப் புத்தகம் கட்டப் போகிறவரைத் தினமும் நானே கைபிடித்துக் கூட்டிப்போனேன்.

“இமெல்டா, நான் என்ன தேங்காய் மூட்டையே? தனியப் போகேலாட்டி வேலையை விடுறன்,” என்றார் ஒருநாள். சொன்னால் செய்கிற ஆள். வேலையை விட்டால் மூலையில் சுருண்டுவிடுவார் என்று எனக்குப் பயம்.

அப்போதுதான் கப்டன் என் கண்ணில் பட்டான். அவரின் சோற்றுப் பார்சலுக்காகக் காலைச் சுற்றித் திரிந்த மண்ணிறத் தெருநாய். பெயரும் அவர் வைத்ததுதான். யாராவது கத்தினால் இவன் குறுக்கே போய் அவர் பாதத்தில் உட்கார்ந்தால் போதுமே!

நெத்தலிக் கருவாட்டோடு பாடம் தொடங்கியது. ஆமிக்காரன் சிங்களத்தில்தானே கத்துவான்? அதனால் நானும், ‘நில்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் “நவத்தின்ன!” என்று கத்தினேன். என் குரலுக்கு நாய் கொட்டாவி விட்டது. எங்கள் ஒழுங்கை முடக்கில் கடை வைத்திருந்த பலீல் நானா வந்தார்.

“நான் போடுறன் சத்தம். நீங்க கருவாட்ட மட்டும் குடுங்க,” என்றார்.

அவர் போட்ட சத்தத்தில் ஒழுங்கையே நின்றது. கப்டனும் ஓடிப்போய் ஒஸ்வால்டின் பாதத்தில் குந்தினான். பிறகு ஒழுங்கையில் எல்லாருக்கும் அதே வேலை. காலையில் பல் விளக்கிக்கொண்டே “நவத்தின்ன!” மாலையில் மாடியிலிருந்து “நவத்தின்ன!” சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. இரண்டு மாதத்தில் நாய் தேறிவிட்டது.

“இனிக் கப்டனோட போறன். நீ பின்னால வரக்கூடாது,” என்றார் ஒஸ்வால்ட். மாதாமேல் சத்தியம் செய்தேன். செய்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

சந்தியில் புதிதாக ஒரு ஆமிப் பெடியன் நின்றான். ஒஸ்வால்ட் கிட்டப் போனதும் வாயைத் திறந்தான்.

“நில்லு!”

தமிழில்! யாரோ பாவி அவனுக்குத் தமிழ் படிப்பித்திருக்கிறான். கப்டன் வாலை ஆட்டிக்கொண்டு நடந்தான். ஒஸ்வால்டும் நடந்தார். பெடியன் மறுபடி கத்தியபடி துவக்கைத் தூக்கினான்.

“நவத்தின்ன!” என்று அலறினேன்.

கப்டன் ஒஸ்வால்டின் பாதத்தில் தொப்பென்று விழ, அவரும் நின்றார். ஆட்டோ ஒன்று பிரேக் அடித்தது. அலுவலகம் போன இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். ஆமிப் பெடியனும் அசையாமல் நின்றான்.

“இங்கே பொறுப்பு நீங்களா, நானா?” என்று பிறகு சிங்களத்தில் கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். நாயின் பெயரைக் கேட்டதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். சந்தியே சிரித்தது.

ஒஸ்வால்ட் மட்டும் என்னைப் பார்த்தார். “சத்தியம் பண்ணினனீ,” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முறைத்த முகத்தோடே என் கூடையை வாங்கிக்கொண்டார்.

பெடியனோடு ஒரு ஒப்பந்தம் செய்தேன். முதலில் தமிழில் கத்துவான். நாய் நிற்காவிட்டால் சிங்களத்தில் கத்துவான். ஒழுங்கையிலும் அன்று மாலையே “நில்லு!” பாடம் தொடங்கியது. பலீல் நானா கருவாட்டை மொத்தமாகவே இறக்கினார்.

அடுத்த திங்களிலிருந்து ஒஸ்வால்ட் தனியாகத்தான் போனார். நான் உண்மையாகவே வீட்டில் இருந்தேன். ஏழரைக்கு வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். “நில்லு!” கேட்கும். அடுத்த நொடி “நவத்தின்ன!” கேட்கும். அப்போதுதான் மூச்சு விடுவேன். மூன்று நாள் இப்படியே.

வியாழக்கிழமை “நில்லு!” கேட்டது. இரண்டாவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாகச் சந்தியிலிருந்து கைதட்டல் கேட்டது. நான் உள்ளே போய், எனக்கென்று ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.