நாற்பத்தொன்றாவது மூக்கு

1

இதை எழுத வைத்தது ஒரு கைதட்டல். என் மனைவிக்காக ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். அதைப் பார்த்து நாற்பது பேர்* கைதட்டினார்கள்.

முதல் தொடக்கம்: "ரொட்டோருவாவில் அன்று நல்ல வெயில்..." வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: "என் மனைவி ஙைரே இறந்து பதினொரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமையை உல்லாசமாகக் கழிக்க நாங்கள்..." (உல்லாசம் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும்.)

* நாற்பது என்பது சுற்றுலாப் பேருந்தின் இருக்கைக் கணக்கு. நான் எண்ணவில்லை. என் மகள் எண்ணியிருப்பாள்.

2

நாங்கள் மூன்று பேர். நான், ஏழு வயது மகள் கஹு, ஙைரேயின் அண்ணன் தமாத்தி.

ரொட்டோருவாவின் பூர்வகுடிகளான எங்களில் ஒருவர் இறந்தால் அடக்கத்தோடு முடிவதில்லை. படத்தை ஏந்திக்கொண்டு உறவினர்கள் கூடும் மன்றங்களுக்கு ஒவ்வொன்றாகப் போகவேண்டும். வாசலில் ஒரு பெண் குரலெடுத்து அழைப்பாள்: உங்கள் இறந்தவர்களோடு வாருங்கள். அழுவார்கள். பிறகு உயிரோடு வந்தவரை வரவேற்பது போலவே, படத்தின் கண்ணாடியில் நெற்றியும் மூக்கும் பதிப்பார்கள்.

ஒன்பது மன்றங்கள் போனோம். படத்தைச் சுமந்தவள் கஹு. நான் ஒருமுறைகூட அதன்முன் குனியவில்லை. காரணம் [

] பிறகு எழுதலாம் என்று இடம் விட்டேன். அப்படியே இருக்கிறது.

கஹு ஒன்றும் கேட்டதில்லை. ஒவ்வொரு மன்றத்திலும் கடைசி ஆள் நிமிர்ந்த பிறகும் படத்தைச் சற்று நேரம் இறக்காமல் பிடித்திருப்பாள். பிறகு பையில் வைப்பாள்.

சுற்றுலாக்காரர்களுக்கான ஆட்டமும் விருந்தும் நடக்கும் இடத்துக்குப் போகலாம் என்றது தமாத்திதான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சொந்த ஊரில் டிக்கெட் வாங்கி நம் ஆட்டத்தையே பார்ப்பதா?

"அதுக்குத்தான் மாப்ள. அங்க வர்றவன் எவனுக்கும் நம்மளத் தெரியாது. ஒரு நாள் வெள்ளக்காரன் மாதிரி வேடிக்க பாத்துட்டு, வயிறு முட்டத் தின்னுட்டு வருவோம். யாரும் அழமாட்டாங்க."

யாரும் அழாத ஒரு நாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

3

எங்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் வந்தவர்களோடு சேர்ந்துகொண்டோம். அவர்கள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அது அங்கே விளையாட்டு. ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் அகப்பட்டார். டென்மார்க்காரர், வெயிலில் வெந்த கழுத்து. (என் பாத்திரங்களில் இவரைத்தான் நான் நம்பவில்லை. கதைக்காகச் செய்தவர் போலிருக்கிறார். ஆனால் இருந்தார்.)

வாசலில் ஹேனி என்ற பெண் அழைத்தாள். நாளுக்கு மூன்று காட்சி, மூன்றுக்கும் அதே மனப்பாடம். பாதியில் குரல் நின்றது.

தலைவரையும் தாண்டி கஹு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நெஞ்சோடு ஙைரேயின் படம். அதைப் பையில் வைத்துக் கொண்டுவந்தது எங்களுக்குத் தெரியாது.

தமாத்தி பாய்ந்து போய்க் குனிந்தான். "கண்ணு, இது சும்மா கூத்துடா. உள்ள வை."

"எறந்தவங்களோட வாங்கன்னு அவங்கதானே கூப்ட்டாங்க, மாமா?"

ஹேனிக்கு அது கேட்டது. அவள் மறுபடி எடுத்த குரல்

அதை எழுத மூன்று நாள் முயன்றேன். விட்டுவிட்டேன்.

ஆட வந்த பெண்கள் பந்து கட்டிய கயிற்றைச் சுழற்றியபடி அவளோடு சேர்ந்து பாடினார்கள். கண்ணும் மூக்கும் ஒழுகின. யாரும் துடைக்கவில்லை, எங்கள் வழக்கத்தில் துடைப்பதில்லை. பந்துகள் தாளம் தப்பவில்லை.

முடிந்தது. கைதட்டல். யாரோ விசிலும் அடித்தார்.

4

வரவேற்பு வரிசை. ஹேனி மண்டியிட்டுக் கஹுவிடம் அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பெயரைச் சொல்லி, கண்ணாடியில் மூக்கு வைத்தாள். ஆட்டக்காரிகள் ஒவ்வொருவராக வைத்தார்கள்.

அடுத்து நின்ற பல் மருத்துவர் அதுதான் முறை என்று நினைத்திருக்கவேண்டும். தொப்பியைக் கழற்றினார். குனிந்தார். என் மனைவியின் நெற்றியில் நெற்றி, மூக்கில் மூக்கு.

அவருக்குப் பின்னால் முப்பத்தொன்பது பேர்.

நான் தடுத்திருக்கவேண்டும். ஒரு கிழவர் கண்ணாடியில் இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், படத்திடம். செல்போனில் படம் பிடித்தபடி வந்த பெண், முறை வந்ததும் போனைப் பைக்குள் போட்டாள்.

"மாப்ள, இவனுங்க நெசமாவே பண்றானுங்க," என்றான் தமாத்தி. கிண்டல் செய்யப்போனவன், முடிக்கவில்லை.

அப்பால் மண்ணடுப்பைத் திறந்திருந்தார்கள். பன்றி இறைச்சியும் சர்க்கரைவள்ளியும் வெந்த ஆவி வந்தது. இறந்தவர் படம் சாப்பாட்டுப் பக்கம் போகக்கூடாது. வரிசை முடியாமல் யாருக்கும் சோறில்லை. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

5

முடிவுகள்:

(அ) அவன் (நான்தான்) குனிகிறான். பதினொரு மாத அழுகை உடைகிறது. உங்களுக்குப் பிடிக்கும். எனக்கு நம்பிக்கையில்லை.

(ஆ) தமாத்தி படத்தை வாங்கி வண்டியில் வைத்துப் பூட்டுகிறான். எல்லோரும் சாப்பிடுகிறார்கள். மரியாதையான முடிவு. இதை எழுதிப் பார்த்தேன். அதில் கஹு எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை.

(இ)

நடந்தவரை சொல்கிறேன். நாற்பது பேரும் முடித்து ஒதுங்கினார்கள். கண்ணாடி முழுக்க மூச்சு படிந்து ஙைரேயின் முகம் மங்கியிருந்தது. கஹு படத்தை இறக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்பா, கை வலிக்குது."

நான் இன்னும் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். இத்தனை தூரம் என் பின்னால் வந்துவிட்டீர்கள். அவசரமென்றால் வரிசையில் எனக்கு முன்னால் போய்க் குனியுங்கள். குழந்தையின் கை வலிக்கிறது.