மேகநாதன் வேடம் யாருக்கு

உளவாளி மேகநாதன் வேடத்தை இந்த முறை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய, நெய்வேலி டவுன்ஷிப் நாடகக் குழு சமூகக் கூடத்தின் பின்பக்கம் கூடியது. பழைய மேகநாதன் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். பொங்கல் விழாவில் மேகநாதனின் கறுப்புக் கோட்டு மேடைக்கு வந்தாலே பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடிப்பார்கள். அப்படிப்பட்ட வேடம்.

"இதுல பேச என்ன இருக்கு? நம்ம ராஜ்மோகன்தான்," என்றார் குழுவின் மூத்தவர் நெடுமாறன். "நல்ல உயரம். அந்தக் கோட்டு அவனுக்குன்னே தச்ச மாதிரி இருக்கும்."

குழுவில் கதாநாயகி வேடம் போடும் பள்ளி ஆசிரியை வெண்மதி சிரித்தாள். "அவ்வளவு உயரமான ஆளு தெருவுல வந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. உளவாளிக்கு அது எதுக்குங்க? நம்ம பாவாடைண்ணன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவருதான் சரியான ஆளு."

"நோட்டீசுல 'மேகநாதனாக பாவாடை'ன்னு போட்டா முன்வரிசையில சிரிக்க மாட்டாங்களா?" என்றார் நெடுமாறன்.

"சிரிக்கட்டும். திரை தூக்கின அப்புறமும் சிரிக்கிறாங்களான்னு பாருங்க."

டவுன்ஷிப்பை அடுத்த வடக்குத்து ஊர்க்காரன் பாவாடை, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவனுக்குப் பகல் வேலை. குழுவில் மற்ற பெரும்பாலோருக்கு மாறி மாறி ஷிப்ட். ஒருவர் ஒத்திகைக்கு வர முடியாத நாளில் அவர் இடத்தில் நின்று வசனம் சொல்வது பாவாடைதான். நின்று நின்றே எல்லா வேடமும் அவனுக்கு மனப்பாடம். மேகநாதனாக அவன் நிற்கும்போது டீ கொண்டு வருபவர்கூட டம்ளரை நீட்ட மறந்து நின்றுவிடுவார். ஆனால் பார்க்க ஆள் வந்த பிறகு அவன் மேடை ஏறியதே இல்லை. இந்த முறை தனக்காகப் பேசும்படி செயலாளர் சிங்காரவேலிடம் கேட்டிருந்தான். அவரும், "பாத்துக்கலாம்டா" என்று தோளைத் தட்டியிருந்தார். கூட்டத்தன்று கான்ட்ராக்டர் கூடுதல் வேலைக்கு நிறுத்திக்கொண்டதால் அவனால் வர முடியவில்லை.

எல்லோரும் சிங்காரவேலைப் பார்த்தார்கள். பாவாடைதான் பொருத்தம் என்பது அவருக்கும் தெரியும். வாயில் வந்தது வேறு.

"அவன் மேடை ஏறிட்டா, ஒத்திகையில யாருப்பா நிக்கிறது?"

எல்லோருக்கும் தங்கள் ஷிப்ட் நினைவுக்கு வந்தது. வேடம் ராஜ்மோகனுக்கு என்று விவாதம் அதோடு முடிந்தது.

"அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள் வெண்மதி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார் சிங்காரவேல். முதல் ஒத்திகையிலிருந்தே ராஜ்மோகனுக்குத் தொடர்ந்து மாலை ஷிப்ட். பாவாடை வந்து மேகநாதன் இடத்தில் நின்றான். வழக்கம்தானே என்று யாரும் எதுவும் நினைக்கவில்லை. அடுத்த ஒத்திகையில் அவன் கேட்டான்: "அண்ணே, கடைசி சீன்ல கோட்ட கழட்டிட்டுப் பேசட்டுமா? நல்லாருக்கும்ல?"

மற்றவருக்காக நிற்கும் ஆள் அப்படிக் கேட்பதில்லை. வேடம் தனக்கே கிடைத்துவிட்டது என்று அவன் நம்பிக்கொண்டிருப்பது சிங்காரவேலுக்கு அப்போதுதான் புரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "செய்யி, செய்யி" என்றார். அதன் பிறகு வடக்குத்துப் பக்கம் போவதையே தவிர்த்தார். சாப்பிட உட்கார்ந்தால் பாவாடை கேட்ட அந்தக் கேள்விதான் காதில் கேட்டது.

ஒரு மாலை பாவாடை புதுக் கறுப்பு ஷூவோடு வந்தான். கூடவே மனைவி சாமியம்மாள்.

"பண்ருட்டி போயி வாங்கியாந்தாருங்க," என்றாள் அவள். "வூட்டுக்குள்ளயே போட்டுக்கினு நடந்துக்கினு இருக்காரு. உளவாளி நடந்தா சத்தம் வரக்கூடாதாம். எம்மேலயே வந்து முட்டிக்கினாரு!"

சிங்காரவேல் பாவாடையை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போய், வேடம் ராஜ்மோகனுக்குப் போனதைச் சொன்னார். கூட்டத்தில் தான் கேட்ட கேள்வியையும் மறைக்காமல் சொன்னார். "தப்பு பண்ணிட்டேன்டா. திரும்பக் கூட்டம் போடறேன்."

பாவாடை ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப, இவ்ளோ நாளா ராஜ்மோகன் சாருக்குத்தான் நின்னுக்கினு இருந்தனா?"

சிங்காரவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

"கூட்டமெல்லாம் வேணாண்ணே. கேட்டு வாங்கிட்டான்னு பேரு ஆயிடும். இன்னிக்கி மட்டும் அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. பாக்கணும்னு வந்துருக்கா."

கோட்டைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினான். ஷூ சத்தமே வரவில்லை. கடைசிக் காட்சியில் அவன் கோட்டைக் கழற்றியபோது நெடுமாறன் எழுந்து நின்றுவிட்டார். காலியான நாற்காலிகளின் நடுவில் சாமியம்மாள் தனியாகக் கை தட்டினாள்.

பாவாடை இறங்கி வந்து கோட்டை மடித்துச் சிங்காரவேல் கையில் கொடுத்தான். அது இன்னும் சூடாக இருந்தது.

"பொங்கலுக்கு எங்க சனமெல்லாம் வரும்ங்க," என்றாள் சாமியம்மாள். "முன்னாடி நாலு சீட்டு கெடைக்கும்ங்களா?"

'பாத்துக்கலாம்மா' என்ற வார்த்தை சிங்காரவேலின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார். அவள் பதிலுக்காகச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பாவாடை குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.