இடது புருவம்

...இல்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார், என் பின்னால் யாரும் நிற்கவில்லையே, பினாங்குத் தெரு வட்டிக்கடைக் கிட்டங்கியில் நேருக்கு நேர் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, முத்துவீரப்பன் செட்டியார், "போன தடவை போயிட்டு நல்லபடியாத்தானே வந்தே, மறுபடியும் என்னத்துக்கு ஆத்தா?" என்றார். போனது நானில்லை, என்னோடு வேலை பார்த்த வடிவம்மாள். அவள் வரவும் இல்லை. சுமத்திராவில் பேதி கண்ட தோட்டத்துச் சனங்களுக்குத் தொண்டு செய்யப் போனவள், அந்த மண்ணிலேயே கிடக்கிறாள்... வயசானவர், மறதி. மறதி என்றால் கண்ணில் ஏன் அத்தனை பரிவு? சரி, கடிதம் கொடுத்தாரே, அது போதாதா?

மூன்று கடிதம். இவளை எனக்குத் தெரியும் என்று மூன்று பெரிய மனிதர்கள் எழுதித் தர வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் நிவாரணச் சங்கத்தில் கொடுத்துவிட்டால் நாளைச் சுமத்திராக் கப்பலில் நான் நர்ஸ் நவமணி, கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் ஆயா. பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலப்பீங்கான் கழுவுகிறேன், ஒருவராவது பேர் கேட்டதுண்டா? இன்று காலையில்கூடப் பெரிய டாக்டர் நிமிராமலே இரண்டாவது கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, "புருவம் ஆறிப்போச்சா?" என்றார். ஆமாம் டாக்டர் என்றேன். ஏன் சொன்னேன்? பெரியவர்கள் எது கேட்டாலும் ஆமாம் சொல்லியே பழகிய வாய்...

மூன்றாவது, சூலியா தெரு ஜவுளிக்கடை நாகூர் மீரான். எல்லாரும் பிழைக்கக் கப்பலை விட்டு இறங்குறாங்க, நீங்க என்னம்மா ஏறப் போறீங்க என்று சிரித்தார். அவருடைய எழுத்தர் கார்த்திகேசு பெட்டியிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதினான். "ஊர்ல எல்லாக் கடையிலயும், ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான்க்கா. பேரை மட்டும் மாத்துவோம், நல்ல குணம் எல்லாருக்கும் ஒண்ணுதானே லா" என்றான். நானும் சிரித்தேன். கடை வாசல் நிழலில் நின்று மூன்றையும் பிரித்துப் படித்தபோதுதான் சிரிப்பு நின்றது. பொறுமைசாலி, அதிகம் பேசாதவள், அங்க அடையாளம்: இடது புருவத்தின் மேல் ஓர் அங்குலத் தழும்பு. மூன்றிலும் அதே வரி. மருந்துப் புட்டி வெடித்து வடிவம்மாளுக்கு ஏற்பட்ட தழும்பு அது. எனக்கு ஏது தழும்பு? அப்படியென்றால் என்னைப் பற்றி ஒருவரும் ஒரு வரியும் எழுதவில்லை, மூன்று பேரும் அவளுக்கு எழுதியதையே... மணி பதினொன்றே முக்கால். திருத்தி வாங்க நேரமில்லை.

சங்கத்துக் காரியதரிசி சோமசுந்தரம் எழுத்தெழுத்தாகப் படிக்கிறவர். எழுத்தர் கைத்தவறுங்கய்யா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் எழுந்து வந்துவிட்டார், மூக்குப்பொடி வாசனை என் முகத்தில் அடிக்கும் அளவுக்குக் குனிந்து புருவத்தைப் பார்த்தார்.

"சரியா இருக்கு. காயம் ஆழமாப் பட்டிருக்கேம்மா, ரொம்ப வலிச்சிருக்குமே?"

"வலிச்சது" என்றேன்.

நர்ஸ் என்று எழுதி மை ஒற்றினார். வெளியே உச்சி வெயில், கடல் பக்கமிருந்து காற்றே இல்லை, நெற்றியில் வியர்வை இறங்கியது. நேராகக் கண்ணுக்கு இறங்க வேண்டியது இடது புருவத்துக்கு மேலே எதிலோ தட்டி நின்று, காதுப் பக்கமாகத் திரும்பி ஓடியது... தொட்டுப் பார்க்கலாம். ஒன்றும் இல்லையென்றால் உள்ளே போய் உண்மையைச் சொல்ல வேண்டும். இருந்துவிட்டால்? துடைக்கத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன். நாளைக்குக் கப்பல் கிளம்பும்வரை முகம் கழுவாமல் இருக்க முடியாதா என்ன?